அப்பா இன்றைக்கு வந்து இறங்குகிறார்

கண்டக்டரைக் கூப்பிடாதீர்கள் அக்கா. வேண்டாம். முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள் திரும்பித் திரும்பி என்னைப் பார்ப்பது எனக்கும் தெரியும். தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அதுவும் இந்த வெயிலில். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். நீங்கள் கேட்டதில் தப்பில்லை. வேறு யாராவதாக இருந்தால் நமக்கென்ன என்று ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்கள். ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அவர் எங்கப்பா.

மெதுவாகப் பேசுங்கள். அப்பா என்றால் ஏன் அங்கே டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார், ஏன் ரெண்டு பேரும் தெரியாதவர்கள் மாதிரி வருகிறோம், அதுதானே? சொல்கிறேன். நீங்கள் திருச்சியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவீர்கள். நான் அதற்கு முன்னாலேயே ஏர்போர்ட்டில் இறங்கிவிடுவேன். இனிமேல் நாம் பார்க்கப் போவதில்லை. அதனால் சொல்லலாம். எனக்குப் பொய் பிடிக்காது அக்கா. உள்ளதை உள்ளபடி மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதனாலேயே வகுப்பில் என்னோடு யாரும் ஒட்டமாட்டார்கள்.

விஷயம் இதுதான். எங்கப்பா இன்றைக்குச் சாயங்காலம் கம்போடியாவிலிருந்து வருகிறார். மலேசியா வழியாக வரும் விமானத்தில் திருச்சியில் வந்து இறங்குகிறார். ஊரிலிருந்து மாமா வேன் பிடித்து, அம்மா, அத்தை, தெருக்காரர்கள் எல்லாரும் மாலையோடு கூப்பிட வருகிறார்கள். வேன் வந்து சேருவதற்குள் அப்பாவை நான் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்குத்தான் போகிறோம்.

சிரிக்காதீர்கள். சிரிக்கிற விஷயமில்லை இது.

அவர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மாடி அறையில் இருந்தார். நான்தான் வைத்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் புரியும். எங்கப்பா வாத்தியார். அடைக்கலம் சார் என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். தனியார் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ். நானும் அங்கேதான் படித்தேன். அவருடைய பழைய சிநேகிதர் லூர்துசாமி என்று ஒருத்தர் கம்போடியாவில் ஒரு துணி கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். அங்கே வேலைக்குப் போயிருக்கிற நம் ஆட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சரியாக அமையவில்லை, பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூலில் போட வசதி பத்தாது, நீ வா, சின்னதாக ஒன்று ஆரம்பிக்கலாம் என்று போன் மேல் போன். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து நாலு அறையை வகுப்பாக்கி, வாசலில் போர்டு மாட்டினால் இன்டர்நேஷனல் ஸ்கூல். அப்பா ஒரு வருஷமாக யோசித்தார். அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே, "போய்த்தான் பாப்பமே வள்ளி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு நிறைந்து வழிந்துவிட்டது.

நான் மட்டும்தான் சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எங்கள் ஊர் பிடிக்காது.

வழியனுப்பு எப்படி நடந்தது தெரியுமா? முக்கத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஃப்ளெக்ஸ். அப்பாவின் தலையை வெட்டி வேறு யாருடைய கோட்டுக்கு மேலேயோ ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்குக் கழுத்தே இல்லாத மாதிரி இருந்தது. பின்னால் ஒரு விமானம், கம்போடியாவில் இருக்கிற அந்தப் பெரிய கோயில், கீழே வாழ்த்துகிறவர்கள் வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸில். 'கடல் கடந்து கல்விக் கொடி நாட்டச் செல்லும் எங்கள் ஆசானே' என்று வாசகம். வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. மாமாதான் அடித்துக் கட்டினார். அப்பா பார்த்துவிட்டு, "கொடி நாட்டவா போறேன், பாடம் நடத்தத்தான்டா போறேன், கழட்டச் சொல்லு" என்றார். யார் கேட்டது? பொன்னாடை மேல் பொன்னாடை. நம் பல்லவ ராஜாக்கள் போன ஊருக்கு அடைக்கலம் சார் போகிறார் என்று ஒருத்தர் பேசினார். ரெண்டு வேன் நிறைய ஜனம் ஏர்போர்ட் வரைக்கும் வந்தது. அத்தை ஏர்போர்ட் கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அழுததில் அவர் குங்குமம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது.

அந்த வாரமே நான் டிசி வாங்கிவிட்டேன்.

ஏன் என்ன ஏன்? அப்பா பள்ளிக்கூடத்துக்கு என் பேரைத்தான் வைத்தார். 'செம்மலர் இன்டர்நேஷனல் ஸ்கூல்.' போர்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். என் பேரில் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கும்போது நான் ஏன் இங்கே பதினொண்ணாவது முழுப் பரீட்சைக்கு உட்கார வேண்டும்? அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். "நிலைச்சு நிக்கட்டும்டா, அப்புறம் பாப்போம்." அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். எங்கள் வகுப்பு டீச்சர் ஜெபராணி மிஸ்ஸும் அதையேதான் சொன்னார்கள். "பரீட்சைய மட்டும் எழுதிட்டுப் போயேன் மலர்." நான் எல்லார் முன்னாலும் கேட்டேன், "மிஸ், நீங்க பாஸ்போர்ட்டாவது கையில தொட்டுப் பாத்திருக்கீங்களா?" அவர்கள் டிசியைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நான் கேட்டதில் என்ன தப்பு? அவர்கள் தொட்டதில்லைதானே.

சரி, அதை விடுங்கள்.

அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேருகிற மாதிரி இருந்ததாம். திறப்பு விழா அன்று பிள்ளைகளின் அப்பா அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டு சுண்டல், காபி கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லாம் நன்றாகப் போயிருக்கிறது. ஒரு அம்மா எழுந்து, "சார், இங்க படிச்ச சர்டிபிகேட் நாளைக்கு இந்தியாவுல செல்லுமா?" என்று கேட்டிருக்கிறார். லூர்துசாமி மாமா அப்பாவைப் பார்த்திருக்கிறார். 'வந்துகிட்டிருக்கு' என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது பொய் கூட இல்லை அக்கா. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? "இன்னைக்குச் செல்லாதும்மா. அங்கீகாரத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம். வரலாம், வராமலும் போகலாம்." அது மட்டுமா? உங்கள் பையன் பத்தாவது என்றால் இங்கே சேர்க்காதீர்கள், சின்ன வகுப்பு என்றால் சேர்க்கலாம் என்று அறிவுரை வேறு.

அடுத்த திங்கட்கிழமை ஒரே ஒரு பையன் வந்தான். அவனும் லூர்துசாமி மாமாவின் மகன்.

அந்த ஒருத்தனுக்கு இவர் மணி அடித்து, அசெம்பிளி வைத்து, அட்டெண்டன்ஸ் எடுத்து, பாடம் நடத்தியிருக்கிறார். அவன் உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டு, தானே மற்ற பெஞ்சுகளைத் திரும்பிப் பார்ப்பானாம். இதை அப்பாவே சிரித்துக்கொண்டு சொன்னார். எப்படிச் சிரிப்பு வருகிறதோ. எனக்குக் கேட்கும்போதே உடம்பெல்லாம் கூசியது. கொஞ்ச நாளில் லூர்துசாமி மாமாவும் பையனை வேறு இடத்தில் சேர்த்துவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. "நீ நல்ல வாத்தியாரு அடைக்கலம், ஆனா ஸ்கூல் நடத்த ஒன்னால ஆகாது" என்று சொல்லி டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார். போர்டைக் கழற்றி, பாதியாக உடைத்தால்தான் குப்பை வண்டியில் எடுப்போம் என்று சொன்னதால் பாதியாக உடைத்தார்களாம். என் பேரை.

அவர் வந்தது எங்கள் ஊர்த் தேர் அன்று, மத்தியானம். ஊரே தேர் இழுக்கப் போயிருந்தது. வயிற்றுவலி என்று நான் மட்டும் வீட்டில் இருந்தேன். வயிற்றுவலி ஒன்றும் இல்லை, வகுப்புப் பிள்ளைகள் தேருக்கு வருவார்கள், எப்ப ஃப்ளைட், எப்ப ஃப்ளைட் என்று கேட்பார்கள், அதனால் போகவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால் பெட்டியோடு அப்பா. "சரியா வரலடா மலரு" என்றார். நான் முதலில் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தேன், இந்தக் கோடியைப் பார்த்தேன். அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். ஆட்டோக்காரர் எங்கள் ஊர்தான். ஆனால் அவர் யாரிடமும் சொல்லமாட்டார். நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அதுக்கப்புறம் மாடி அறை. அம்மா அழுதாள், ஆனால் அம்மாவுக்கு என்னை எதிர்த்துப் பேச வராது. அப்பாவுக்கு ஒரு பழக்கம், காலையில் முக்கத்து டீக்கடையில் போய் நின்று டீ குடித்தால்தான் விடிந்த மாதிரி இருக்கும். கதவுக்கு உள்ளேயிருந்து, "மலரு, ஒரு டீ குடிச்சிட்டு ஓடி வந்துர்றேன்டா" என்பார். முக்கத்தில்தான் அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழேயே போய் நின்று டீ குடிப்பாராம். நான் படிக்கட்டுக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். பூட்டவில்லை அக்கா, தாழ்ப்பாள்தான். சாப்பாடு, பேப்பர், எல்லாம் நேரத்துக்கு மேலே போய்விடும். குறை ஒன்றும் வைக்கவில்லை.

"யாருகிட்ட மறைக்கணும்டா? நம்ம தெரு ஆளுகதானே. போயி, நடக்கலன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு" என்பார். அவருக்கு என்ன, சொல்லிவிடுவார். மூஞ்சியைத் தூக்கி எங்கே வைத்துக்கொள்வது என்று அவர் யோசிப்பதே இல்லை. எங்கம்மாவை நினைக்க வேண்டாமா? அம்மாவுக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

அத்தை எதிர்வீடு. அப்பாவுக்கு அக்கா. வீடியோவில் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஒரே தொந்தரவு. நான் மாடியில் வெள்ளைச் சுவர்ப் பக்கம் அப்பாவை உட்கார வைத்து, டை கட்டிவிட்டு, போனைப் பிடித்தேன். நல்லாத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தெருவில் மீன்காரம்மா, "மத்தி மீனே, மத்தி" என்று போகிறாள். போனிலும் கேட்கிறது, அத்தைக்கு அவர் வாசலிலும் கேட்கிறது. அத்தை தன் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். அப்பா என்னைப் பார்க்கிறார். நான் போனைப் பிடுங்கி, "அங்கயும் நம்ம தமிழ்க்காரங்கதான் அத்தை மீன் விக்கிறாங்க" என்று சொன்னேன். "அப்படியா கண்ணு, நல்ல ஊருதான் போல" என்றார் அத்தை. நம்பிவிட்டார். அவர் படிக்காதவர்.

அதிலிருந்து ஒன்று மட்டும் புரியவில்லை. அத்தை வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எங்களுக்குத் தூக்குவாளி நிறையக் கொடுத்துவிடுகிறார். அம்மாவும் நானும் இருக்கிற வீட்டுக்கு எதற்கு அவ்வளவு? வால் துண்டு வேறு தனியாக இருக்கும். அப்பாவுக்குத்தான் வால் துண்டு பிடிக்கும், நாங்கள் ரெண்டு பேரும் தொடமாட்டோம். வயசாகிவிட்டது, யாருக்கு என்ன பிடிக்கும் என்று மறந்திருப்பார். டீக்கடைக்காரர் அதற்கு மேல். பால் வாங்கப் போனால், "சாருக்கு இருமல் தேவலயாம்மா? சுக்கு தட்டிப் போட்டுக் குடு" என்கிறார். கம்போடியாவில் இருக்கிறவருக்கு நான் எப்படிச் சுக்கு கொடுப்பது? என் வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பேச்சு கொடுத்தால் மாட்டிக்கொள்வோம்.

ஆக, யாருக்கும் தெரியாது. அது வரைக்கும் என் திட்டம் சரி.

ஆனால் எத்தனை நாள்? அப்பா போனில் கேட்டதில், பழைய பள்ளிக்கூடத்தில் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக இருக்கிறார்கள். ஜூனில் போய்ச் சேர வேண்டும். சேருவதென்றால் முதலில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வந்தால் வந்த மாதிரி வர வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வந்தால் அது வருவதா? அதனால் தேதி குறித்தேன். மாமாவுக்குப் போன் போட்டு, அப்பா ஸ்கூலை நல்லபடியாக நடத்தி வேறு ஒருத்தரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறார், வேன் சொல்லுங்கள் என்றேன். "சரிடா கண்ணு, ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படியே செஞ்சிருவோம், மால ஒண்ணு போதுமா?" என்றார் மாமா.

அப்புறம் வெளிநாட்டுச் சாமான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வெறுங்கையோடு வந்தால் யார் நம்புவார்கள்? புதுக்கோட்டையில் ஃபாரின் சாமான் விற்கிற கடையில் போய்க் கோடாலித் தைலம், பெரிய பெரிய சாக்லேட் பை, அத்தைக்கு ஒரு டார்ச், மாமாவுக்கு சென்ட் பாட்டில் எல்லாம் வாங்கினேன். அப்பா கேட்கிறார், "கம்போடியாவுல நான் கோடாலித் தைலத்தையே பாக்கலயேடா?" பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? வெளிநாடு என்றால் கோடாலித் தைலம்தான். தைலம் இல்லாமல் வந்தால் தெருவில் ஒரு வீடு அதை வெளிநாடு என்று ஒத்துக்கொள்ளாது. சாக்லேட் பையில் கடைக்காரன் ஒட்டியிருந்த ரூபாய் ஸ்டிக்கரை வெந்நீரில் நனைத்து நனைத்து உரித்தேன். பெட்டிக் கைப்பிடியில் விமானத்தில் கட்டின சீட்டு அப்படியே இருக்கிறது, நான் கழற்ற விடவில்லை. இதற்கெல்லாம் எனக்குத்தான் மூளை.

மூளை இல்லாதது அப்பாவுக்குத்தான். ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். 'ஸ்கூல் நல்லாப் போச்சு, வேற ஆள் கையில குடுத்துட்டு வந்துட்டேன்.' சொல்லுங்கள் என்றால், "ஸ்கூல் நல்லா" என்று ஆரம்பிப்பார், தொண்டையைச் செருமுவார், சுவரைப் பார்ப்பார். மறுபடி சொல்லுங்கள் என்பேன். நேற்று முழுக்க இதே வேலை. நான் நாற்காலியில், அவர் நின்றுகொண்டு. "வாய்ல வர மாட்டேங்குதுடா" என்றார். கடைசியில் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், கேட்டால் இருமுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பாவமாக இல்லையா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. கேவலமாக இருக்கிறது. ரெண்டும் வேறு வேறு அக்கா. அவர் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஊரில் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் வைக்கிற மனுஷன், திருடன் மாதிரி. அப்படியும் அவருக்குக் கோபம் வரவில்லை. "நீ இந்தப் பக்கம் உக்காரு, காத்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போய் வெயில் பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஒரு அடி அடித்திருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நானா? நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகமாட்டேன். அப்பா சேர்த்துவிடுகிறேன் என்கிறார். பதினொண்ணாவதில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். வகுப்பு டீச்சர் அதே ஜெபராணி மிஸ். செத்தாலும் போகமாட்டேன்.

கீரனூர் வந்துவிட்டது. ஏறுகிறவர்கள் ஏறட்டும். காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பையன் பெட்டி இடிக்கும். யாரோ வெளிநாடு போகிற பையன் போல. பாருங்கள், கூட அம்மா மட்டும். வேன் இல்லை, மாலை இல்லை. பாவம், எங்கள் பக்கமெல்லாம் இப்படி அனுப்பமாட்டார்கள்.

ஐயோ. அவன் எங்கப்பா பக்கத்தில் போய் நிற்கிறான்.

எனக்கு அந்த மூஞ்சி தெரியும் அக்கா. முத்தழகு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாவது முடித்தவன், எங்கள் ஸ்கூல். குனிந்துகொள்கிறேன், என்னைப் பார்க்கக் கூடாது. அப்பா இருமுகிறார். நல்லது. இருமட்டும்.

"சார், அடைக்கலம் சார்தானே?"

கேட்கிறதா? மாஸ்க் போட்டும் கண்டுபிடித்துவிட்டான். இல்லை என்று தலையாட்டினால் போதும். ஒரு தலையாட்டல். அதுகூட வேண்டாம், ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும்.

கழற்றுகிறார். மாஸ்க்கைக் கழற்றுகிறார் அக்கா. தொப்பியையும்.

"ஆமாப்பா. நீ முத்தழகுல்ல? மின்னோட்டம் நடத்துனா மூணாவது நிமிஷம் தூங்கிருவ."

"அதே ஆள்தான் சார். மலேசியா போறேன், ஹோட்டல் வேல. மொதத் தடவ. எங்கம்மா விட மாட்டேன்னு ஒரே அழுக. ஒங்க போஸ்டரப் பாத்துட்டுத்தான் சார் சரின்னுச்சு. அடைக்கலம் சாரே போறாருடா, நீ போயிட்டு வான்னு."

நான் எழுதின வாசகம். நல்லதுதானே, ஒரு பையனுக்கு உதவியிருக்கிறது. இப்போது அப்பா அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அவனுக்கும் தைரியமாக இருக்கும், அவன் அம்மாவுக்கும் ஆறுதலாக இருக்கும். சொல்லுங்கப்பா. நல்லாப் போச்சு. அவ்வளவுதான்.

"எனக்கு நடக்கலப்பா. பிள்ளைக வரல, மூடிட்டு வந்துட்டேன். ஒனக்கு அப்படி ஆகாது. ஒன் வேல வேற, என் வேல வேற. பயப்படாமப் போ. சரியா வரலன்னா மட்டும் அங்கயே கெடந்து உருகாத, வந்துரு. வந்தா ஒண்ணும் ஆயிராது."

முடிந்தது. பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. எனக்குக் காதெல்லாம் சுடுகிறது. அந்த அம்மா வேறு விடமாட்டேன் என்கிறாள்.

"அப்ப இப்ப எங்க சார் போறீக, பெட்டியோட?"

"ஏர்போர்ட்டுக்குத்தாம்மா. இன்னைக்கு நான் வந்து எறங்குறேன். என்னையக் கூப்புட வேன்ல வர்றாங்க. அதுக்கு நான் அங்க போய் நிக்கணும்ல."

எல்லாரும் சிரிக்கிறார்கள். டிரைவர் கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறார். நீங்களும் சிரிக்கிறீர்கள், பரவாயில்லை, சிரியுங்கள். அப்பாவும் சிரிக்கிறார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ நாளாகிறது. மாடியில் சிரித்தால் வெளியே கேட்கும் என்று நான் விட்டதில்லை.

"இப்படி ஒரு ஐடியா யாரு சார் குடுத்தது?"

இப்போது திரும்புவார். திரும்பிக் கையைக் காட்டுவார். அதோ உட்கார்ந்திருக்கா பாரு, என் மக, அவ வேலதான் எல்லாம். அவருக்கு உள்ளதை மறைக்க வராது. அக்கா, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். உங்கள் முந்தானையை இந்தப் பக்கம் விடுங்கள். என்னை மறையுங்கள்.

"நான்தாம்ப்பா. என் யோசனதான். வெளிய தெரிஞ்சா கேவலம்னு நெனச்சிட்டேன்."

"தனியாவா சார் வந்தீங்க?"

"தனியாத்தான்."

"மலர் எப்படி சார் இருக்கு? கம்போடியா போறேன்னு டிசி வாங்கிருச்சுன்னாங்க."

"அதுவும் நான் சொல்லித்தான் வாங்குனா. அவ வேணாம்னுதான் சொன்னா. அவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது, வீட்ல இருக்கா. ஸ்கூல் தொறந்ததும் போயிருவா."

கேட்டீர்களா?

ஒரு செருமல் இல்லை. சுவரைப் பார்க்கவில்லை. பாடம் நடத்துகிற மாதிரி கடகடவென்று சொன்னார். எல்லாம் பொய் அக்கா. யோசனை பொய், தனியாக வந்தது பொய், டிசி பொய். நேற்று முழுக்க நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தும் ஒரு பொய் வராத மனுஷன். ஒரு பள்ளிக்கூடமே போனாலும் சரி என்று உண்மையைச் சொன்ன மனுஷன்.

இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது கழுத்தை இறுக்கி நேராக வைத்துக்கொண்டிருக்கிறார். நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று.

என்னிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் அக்கா. கையை எடுங்கள். நான் அழவில்லை.

ஏர்போர்ட் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதுகிறார். முத்தழகு ஒரு கையில் தன் பெட்டியையும் இன்னொரு கையில் அப்பா பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறான். அப்பா வேண்டாம் வேண்டாம் என்கிறார். அந்த அம்மா படியில் கால் வைக்கப் பயப்படுகிறாள், அப்பா கையைக் கொடுக்கிறார். இறங்கிவிட்டார். வெயிலில் நிற்கிறார். பஸ்ஸைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏர்போர்ட் வேற யாரும் இருக்கீங்களா?" என்று கேட்கிறார் கண்டக்டர்.

நான் இறங்க வேண்டும். இறங்கினால் முத்தழகு பார்ப்பான். வழி விடுங்கள் அக்கா, காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

நீங்கள் அப்போதே ஒதுக்கிவிட்டீர்கள். நான்தான் இன்னும் எழுந்திரிக்கவில்லை.